கிறிஸ்டோபர் ஆணையம் (லாஸ் ஏஞ்சலஸ், 1991)

கிறிஸ்டோபர் ஆணையம் என்பது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரக் காவல்துறையை ஆராய்வதற்காக 1991-ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட குழு. ராட்னி கிங் என்ற கறுப்பின இளைஞரைக் காவலர்கள் லத்தியால் அடித்த காட்சி தொலைக்காட்சியில் வெளியானதைத் தொடர்ந்து இது உருவானது. வழக்கறிஞர் வாரன் கிறிஸ்டோபர் இதன் தலைவர். பின்னாளில் இவர் அதிபர் பில் கிளின்டனின் அரசில் வெளியுறவு அமைச்சரானார். காவல்துறையில் அளவு மீறிய வன்முறை, இனப் பாகுபாடு, புகார்களைக் கையாளும் முறை, தலைமையின் பொறுப்பு ஆகியவற்றை ஆணையம் ஆராய்ந்தது.

அது தன் முடிவுகளுக்கு ஆதாரமாகக் கொண்டவற்றில் பெரும்பகுதி காவல்துறையின் சொந்தக் கோப்புகளிலும் கணினிகளிலும் ஏற்கெனவே இருந்தவை. அவற்றை வெளியாள் ஒருவர் படிக்கவும், படித்ததன் மேல் நடவடிக்கை எடுக்கவும் வழி இல்லாமல் இருந்ததே நகரத்தின் சிக்கல் என்பதை ஆணையத்தின் வரலாறு காட்டுகிறது.

பின்னணி

லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை 1950 முதல் 1966 வரை வில்லியம் பார்க்கரின் தலைமையில் இருந்தது. அதற்கு முன்பு லஞ்சத்துக்குப் பெயர்போன அத்துறையை அவர் கட்டுப்பாடு மிக்க, கிட்டத்தட்ட ராணுவத் தன்மை கொண்ட அமைப்பாக மாற்றினார். அரசியல்வாதிகளின் தலையீட்டைத் தடுப்பதற்காகக் காவல்துறைத் தலைவருக்கு நகர சாசனம் வலுவான பணிப் பாதுகாப்பு தந்திருந்தது. தகுந்த காரணத்தை நிறுவாமல் அவரைப் பதவியிலிருந்து நீக்க முடியாது. அவருக்குப் பதவிக்கால வரம்பும் இல்லை. மேயர் நியமிக்கும் 5 குடிமக்கள் அடங்கிய காவல் வாரியம் பெயரளவில் துறையின் மேலாளராக இருந்தது. தலைவரைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் நடைமுறையில் அதற்கு இல்லை.

நகரத்தின் தெற்குப் பகுதியில் வாழ்ந்த கறுப்பின மக்களுக்கும் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த லத்தீனோ மக்களுக்கும் காவல்துறையோடு நீண்ட காலப் பகை இருந்தது. 1965 ஆகஸ்டில் வாட்ஸ் பகுதியில் ஒரு வாகனச் சோதனையில் தொடங்கிய கலவரத்தில் 34 பேர் இறந்தனர். மாநில ஆளுநர் அமைத்த மெக்கோன் ஆணையம் அதை விசாரித்தது. அதன் பிறகும் காவல்துறையின் அதிகார அமைப்பு பெரிதாக மாறவில்லை.

கழுத்தை நெரித்துப் பிடிக்கும் முறை அடுத்த பெரும் சர்ச்சையானது. 1976-இல் காரின் பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்தப்பட்ட ஒரு கறுப்பின இளைஞர், இந்தப் பிடியால் மயங்கி விழுந்தார். இம்முறையைத் தடை செய்யக் கோரி அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1975-க்குப் பிறகு இந்தப் பிடியால் 16 பேர் இறந்திருந்தனர். அவர்களில் 12 பேர் கறுப்பின ஆண்கள். ஆனால், தனக்கு மீண்டும் அதுவே நேரும் என்பதை அவர் நிறுவவில்லை என்று கூறி, தடை கோரும் தகுதி அவருக்கு இல்லை என 1983-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 5 நீதிபதிகள் இத்தீர்ப்பை ஆதரித்தனர், 4 பேர் எதிர்த்தனர். காயப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். துறையின் நடைமுறையை மாற்றும்படி கேட்பது மிகக் கடினம் என்ற நிலை இதனால் உருவானது.

1978 முதல் காவல்துறைத் தலைவராக இருந்தவர் டாரில் கேட்ஸ். 1973 முதல் மேயராக இருந்தவர் டாம் பிராட்லி. பிராட்லி அந்நகரின் முதல் கறுப்பின மேயர். அதே காவல்துறையில் 20 ஆண்டுகளுக்கும் மேல் பணியாற்றியவர். இருவருக்கும் இடையே பேச்சுவார்த்தையே அற்றுப்போயிருந்தது. ஆயினும் கேட்ஸை நீக்கும் அதிகாரம் மேயருக்கு இல்லை.

1991 மார்ச் 3

1991 மார்ச் 3 அன்று நள்ளிரவுக்குப் பிறகு, வேகமாகச் சென்ற ஒரு காரை நெடுஞ்சாலைக் காவலர்கள் துரத்தினர். அதை ஓட்டியவர் ராட்னி கிங். அவர் மது அருந்தியிருந்தார்; ஒரு கொள்ளை வழக்கில் தண்டனை பெற்று, நிபந்தனையின் பேரில் வெளியே வந்திருந்தார். லேக் வியூ டெரஸ் பகுதியில் கார் நின்றதும் லாஸ் ஏஞ்சலஸ் காவலர்கள் அவரைப் பிடிக்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டனர். மின்அதிர்ச்சிக் கருவியால் தாக்கியதோடு, தரையில் கிடந்த அவரை லத்தியால் 50 முறைக்கு மேல் அடித்தனர், உதைக்கவும் செய்தனர். இருபதுக்கும் மேற்பட்ட காவலர்கள் அந்த இடத்தில் இருந்தனர். அடித்தவர்கள் சிலர், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றனர்.

எதிர்க் குடியிருப்பின் பால்கனியிலிருந்து ஜார்ஜ் ஹாலிடே என்பவர் இதை வீடியோவில் பதிவு செய்தார். மறுநாள் அவர் காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினார். எதிர்முனையில் இருந்த காவலர் விவரம் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. கிங்கின் சகோதரர் நேரில் சென்று புகார் கொடுக்க முயன்றார். அங்கிருந்த சார்ஜென்ட் அவரைப் பல கேள்விகள் கேட்டார். புகார்ப் படிவத்தை மட்டும் நிரப்பவில்லை. அதன் பிறகே ஹாலிடே தன் பதிவை கே.டி.எல்.ஏ. தொலைக்காட்சிக்குக் கொடுத்தார். ஒரே சம்பவத்தைப் பற்றிய இரண்டு முயற்சிகள் காவல் நிலைய வாசலிலேயே நின்றுபோனதை ஆணையம் தன் அறிக்கையில் பதிவு செய்தது. வீடியோ இல்லாவிட்டால் அந்த இரவைப் பற்றி எஞ்சியிருப்பது காவலர்கள் எழுதிய அறிக்கை மட்டுமே.

ஆணையம் அமைதல்

1991 ஏப்ரல் 1 அன்று பிராட்லி ஆணையத்தை அறிவித்தார். கேட்ஸும் ஓய்வுபெற்ற மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி ஜான் ஆர்கெயஸ் தலைமையில் தனியே ஒரு குழு அமைத்திருந்தார். இரு குழுக்களும் ஒன்றாக்கப்பட்டன. கிறிஸ்டோபர் தலைவராகவும் ஆர்கெயஸ் துணைத் தலைவராகவும் 10 உறுப்பினர்களோடு ஆணையம் செயல்பட்டது. வழக்கறிஞர்களும் கணக்காளர்களும் ஊதியமின்றி உதவினர்.

அதே வாரத்தில் காவல் வாரியம் கேட்ஸை 60 நாள் கட்டாய விடுப்பில் அனுப்பியது. நகர மன்றம் அவர் பக்கம் நின்றது. நீதிமன்ற உத்தரவுடன் அவர் சில நாட்களில் பணிக்குத் திரும்பினார். வாரியத்தின் அதிகாரம் எவ்வளவு என்பது விசாரணை தொடங்கும் முன்பே வெளிப்பட்டுவிட்டது.

ஆணையம் சுமார் 100 நாட்களில் பணியை முடித்து, 1991 ஜூலை 9 அன்று அறிக்கையை வெளியிட்டது.

கோப்புகளில் இருந்தவை

ஆணையம் பொதுமக்களையும் காவலர்களையும் நிபுணர்களையும் கேட்டது. ஆனால் அறிக்கைக்கு வலு சேர்த்தவை துறையின் சொந்தப் பதிவேடுகளே.

முதலாவது, புகார்கள். 1986 முதல் 1990 வரை அளவு மீறிய வன்முறை பற்றிப் பொதுமக்கள் கூறிய 2,152 குற்றச்சாட்டுகளில் 42 மட்டுமே உண்மையென ஏற்கப்பட்டிருந்தன. இது 2 சதவீதத்துக்கும் குறைவு. புகாரை விசாரித்தவர்களும் காவலர்களே. பல புகார்கள், குற்றம் சாட்டப்பட்டவர் பணியாற்றும் கோட்டத்திலேயே விசாரிக்கப்பட்டன.

இரண்டாவது, குற்றச்சாட்டுக்கு ஆளானவர்கள். அதே காலத்தில் ஏறத்தாழ 1,800 காவலர்கள்மீது இத்தகைய குற்றச்சாட்டுகள் வந்திருந்தன. அவர்களில் 1,400-க்கும் மேற்பட்டோர்மீது ஒன்றோ இரண்டோதான். 44 பேர்மீது ஆறு அல்லது அதற்கு மேல், ஒருவர்மீது 16. இந்த 44 பேரின் பணி மதிப்பீடுகள் பெரும்பாலும் பாராட்டாகவே எழுதப்பட்டிருந்தன. புகார் வரலாறு அவற்றில் இடம்பெறவில்லை. ஓய்வுபெற்ற கறுப்பின உயரதிகாரி ஜெஸ்ஸி புரூவர், மோசமான காவலர்கள் யார் என்பது துறைக்குத் தெரியும் என்றும், மேலதிகாரிகளைப் பொறுப்பேற்கச் செய்யாததே தவறு என்றும் ஆணையத்திடம் கூறினார்.

மூன்றாவது, இழப்பீடுகள். அதே ஐந்தாண்டுகளில் 300-க்கும் மேற்பட்ட வன்முறை வழக்குகளில் நகரம் 2 கோடி டாலருக்கும் அதிகமாகக் கொடுத்திருந்தது. 15,000 டாலருக்கு மேல் கொடுக்கப்பட்ட 83 வழக்குகளை ஆணையம் தனித்தனியே ஆராய்ந்தது. பெரும்பாலானவற்றில் காவலரின் தவறு தெளிவாக இருந்தது; துறை கொடுத்த தண்டனையோ மிக லேசாக இருந்தது, அல்லது இல்லவே இல்லை. மக்களின் வரிப்பணம் செலவானது. காவலரின் பணிப் பதிவில் அதன் தடம் விழவில்லை.

நான்காவது, ரோந்து கார்க் கணினிகள். காவலர்கள் கார்களுக்கிடையே அனுப்பிய தட்டச்சுச் செய்திகளைத் துறை சேமித்து வைத்திருந்தது. ஆறு மாதங்களுக்குரிய செய்திகளை ஆணையம் வாசித்தது. பெரும்பாலானவை வழக்கமான பணிச் செய்திகள். ஆனால் கறுப்பின மக்களையும் லத்தீனோ மக்களையும் விலங்குகளோடு ஒப்பிடும் செய்திகளும், அடித்ததைப் பெருமையாகச் சொல்லும் செய்திகளும் கணிசமாக இருந்தன. கிங்கை அடித்தவர்களில் ஒருவர், அதற்குச் சற்று முன் சென்றுவந்த ஒரு கறுப்பினக் குடும்பத்தின் சண்டையைக் கொரில்லாக்களோடு ஒப்பிட்டு எழுதியிருந்தார். செய்திகள் பதிவாகும் என்பது காவலர்களுக்குத் தெரியும். மேலதிகாரிகள் அவற்றைப் பார்ப்பதில்லை என்பதும் தெரியும்.

ஐந்தாவது, காவலர்களின் கருத்து. ஆணையம் 960 காவலர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பியது. சுமார் 650 பேர் பதிலளித்தனர். சிறுபான்மை மக்கள்மீது காவலர்களுக்கு இனச் சார்பு இருக்கிறது, அது உறவைக் கெடுக்கிறது என்பதை அவர்களில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் ஒப்புக்கொண்டனர்.

தவறு சில காவலர்களோடு நிற்கவில்லை என்று ஆணையம் கருதியது. ஆறு பெரிய அமெரிக்க நகரங்களுள் மக்கள்தொகைக்குக் குறைவான காவலர்களைக் கொண்டிருந்தது லாஸ் ஏஞ்சலஸ். அதனால் துறை, தெருவில் முந்திக்கொண்டு தடுத்து நிறுத்துவதையும் கைது எண்ணிக்கையையும் திறமையின் அளவுகோலாகக் கொண்டிருந்தது. நிறுத்தப்பட்டவர்களைத் தெருவில் குப்புறப் படுக்கவைக்கும் வழக்கத்தைப் பற்றிக் கறுப்பின மக்களும் லத்தீனோ மக்களும் மிகுதியாக முறையிட்டனர்.

பரிந்துரைகள்

காவல்துறைத் தலைவரின் பதவிக்காலம் ஐந்தாண்டாக இருக்க வேண்டும். ஒருவர் இரண்டு முறைக்கு மேல் பதவி வகிக்கக் கூடாது என்று ஆணையம் கூறியது. அவரை நியமிப்பதிலும் நீக்குவதிலும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு உண்மையான பங்கு வேண்டும் என்றது. புகார் விசாரணையைக் காவல் வாரியம் கண்காணிக்க வேண்டும்; புகார் வரலாறு பதவி உயர்வில் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்; கைதுகளை எண்ணுவதை விட்டு மக்களோடு இணைந்த காவல் முறைக்கு மாற வேண்டும் என்பன மற்ற முக்கியப் பரிந்துரைகள். புதிய தலைமைக்கு வழிவிடும் காலம் வந்துவிட்டது என்றும் கூறியது.

ஆணையத்துக்குப் பரிந்துரைக்கும் உரிமை மட்டுமே இருந்தது. பதவிக்கால வரம்புக்கு நகர சாசனத்தைத் திருத்த வேண்டும். அதற்கு மக்கள் வாக்களிக்க வேண்டும்.

வாக்கெடுப்பும் அதன் பின்னும்

1992 ஏப்ரல் 29 அன்று, கிங்கை அடித்த வழக்கில் நான்கு காவலர்களையும் தாக்குதல் குற்றத்திலிருந்து ஜூரி விடுவித்தது. ஒருவர்மீதான ஒரு குற்றச்சாட்டில் மட்டும் முடிவு எட்டப்படவில்லை. வழக்கு சிமி வேலி என்ற புறநகருக்கு மாற்றப்பட்டிருந்தது. ஜூரியில் கறுப்பினத்தவர் எவரும் இல்லை. அன்று மாலை தொடங்கிய கலவரத்தில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டு நடந்த கூட்டாட்சி வழக்கில் இருவர் தண்டனை பெற்றனர்.

கலவரத்துக்கு ஐந்து வாரங்கள் கழித்து, 1992 ஜூன் 2 அன்று ஆணையத்தின் முக்கியப் பரிந்துரைகள் 'சாசனத் திருத்தம் எஃப்' என்ற பெயரில் வாக்கெடுப்புக்கு வந்தன. காவலர் சங்கம் எதிர்த்துப் பிரசாரம் செய்தது. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்து வாக்களித்தனர். ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் குடிமகன் ஒருவரும் இடம்பெற வேண்டும் என்பதும் இத்திருத்தத்தில் இருந்தது. அம்மாதமே கேட்ஸ் பதவி விலகினார். பிலடெல்பியாவிலிருந்து வந்த வில்லி வில்லியம்ஸ், லாஸ் ஏஞ்சலஸின் முதல் கறுப்பினக் காவல்துறைத் தலைவரானார். 1997-இல் காவல் வாரியம் அவருக்கு இரண்டாம் பதவிக்காலம் தர மறுத்தது. 1991-இல் தலைவரைச் சில நாள்கூட விலக்கிவைக்க முடியாத வாரியம், இப்போது அதைச் செய்ய முடிந்தது.

மற்றவை மெதுவாக நகர்ந்தன. வாரியத்தின் கீழ் தலைமைக் கண்காணிப்பாளர் பதவி 1995-இல் சாசனத் திருத்தத்தால் உருவாக்கப்பட்டது. முதலில் அப்பதவியை வகித்த கேத்தரின் மேடர், தன் அதிகார எல்லை குறித்த மோதலுக்குப் பின் 1998-இல் விலகினார். 1999-இல் ராம்பார்ட் கோட்டத்தில் காவலர்கள் பொய்ச் சாட்சியம் கூறியதும், சாட்சியப் பொருள்களைத் திணித்ததும் வெளியாயின. 100-க்கும் மேற்பட்ட தண்டனைகள் ரத்தாயின.

இதற்கிடையே 1994-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், காவல்துறைகளின் தொடர் உரிமை மீறல்களுக்கு எதிராக வழக்குத் தொடுக்க நீதித்துறை அமைச்சகத்துக்கு அதிகாரம் தந்தது. தனிமனிதருக்கு 1983 தீர்ப்பு மறுத்த வழி, அரசுக்கு இதனால் திறந்தது. அச்சட்டத்தின்படி லாஸ் ஏஞ்சலஸ் நகரம் ஒப்புக்கொண்ட நீதிமன்ற ஆணை 2001-இல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு காவலரின் புகார், வன்முறை, வழக்கு விவரங்களை ஒன்றுசேர்த்து எச்சரிக்கும் கணினி அமைப்பும், நிறுத்தப்படுபவரின் இனத்தைப் பதிவு செய்வதும் கட்டாயமாயின. கிறிஸ்டோபர் ஆணையம் தேடித் தொகுத்த விவரங்கள், துறை தானே தொகுக்க வேண்டியவை ஆயின. நீதிமன்ற மேற்பார்வை 2013-இல் முழுமையாக முடிந்தது.

மதிப்பீடு

கணக்கெடுப்பு மட்டும் பாகுபாட்டை நீக்கிவிடவில்லை. நகர மக்களில் சுமார் 9 சதவீதமான கறுப்பினத்தவர், 2019-இல் நிறுத்தப்பட்டவர்களில் 27 சதவீதம் என்று தலைமைக் கண்காணிப்பாளர் அலுவலகம் 2020-இல் தெரிவித்தது. ஆனால் இந்த எண்ணிக்கையை எடுத்தது ஆணையத்துக்குப் பின் உருவான அலுவலகம். கலவரமோ வீடியோவோ அதற்குத் தேவைப்படவில்லை. 2022 மார்ச்சில் காவல் வாரியம், சிறிய வாகன விதிமீறல்களைச் சாக்காக வைத்து மக்களை நிறுத்துவதற்குக் கட்டுப்பாடு விதித்தது. அப்படி நிறுத்தும் காவலர் தன் சந்தேகத்துக்கான காரணத்தை உடலில் பொருத்திய கேமராவில் சொல்ல வேண்டும்.

1991-இல் ஒரு சகோதரரின் புகார் படிவத்தில் ஏறவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, காரை நிறுத்தும் காரணத்தைக் காவலரே பதிவு செய்ய வேண்டியதாயிற்று. ஆணையத்தின் பயனையும், அது நடைமுறையாக எடுத்துக்கொண்ட காலத்தையும் இவ்விரண்டுக்கும் இடையே அளக்கலாம்.