கை வழியே வந்த கல்வி



"இவனுக்குப் படிப்பு ஏறாது வாத்தியாரே, சும்மா ஒரு மூலையிலே உட்கார வையுங்க" என்று தம் பிள்ளையைப் பற்றித் தாமே சொல்லும் தாய்தந்தையர் நம் தோட்டங்களில் இன்றும் உளர். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. விடியுமுன் பெரட்டுக்கு ஓடி, வெயில் ஏறிய பின் வீடு திரும்பும் மனிதருக்கு, மெதுவாய்க் கற்கும் பிள்ளையோடு மல்லுக்கட்ட நேரம் எங்கே? ஆயினும் அவர்களுக்கு ஒரு பழங்கதை சொல்ல வேண்டும். கட்டுக்கதை அன்று, நடந்தது.

1800-ஆம் ஆண்டு சனவரியில், பிரான்சு நாட்டின் தென்பகுதியில் அவெரோன் என்னும் பகுதியிலே, காட்டில் திரிந்த ஒரு சிறுவன் பிடிபட்டான். வயது பன்னிரண்டு இருக்கலாம். பேச்சு இல்லை. பாரீசுக்குக் கொண்டு வந்தார்கள். அக்காலத்தில் பேர்பெற்ற மருத்துவர் பினெல் அவனைப் பார்த்துவிட்டு, இவன் பிறவியிலேயே அறிவு குன்றியவன், தேறமாட்டான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெரிய டாக்டரே சொல்லிவிட்டால் அப்புறம் என்ன பேச்சு? ஆனால் 26 வயது நிரம்பிய இட்டார்டு என்னும் இளம் மருத்துவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. விக்டர் என்று பெயரிட்டுப் பாடம் நடத்தத் தொடங்கினார். கேரின் என்னும் அம்மையார் தாய் போல் வளர்த்தார்.

வாயால் சொல்லிப் பயனில்லை என்று இட்டார்டு விரைவிலேயே உணர்ந்தார். ஒரு பலகையில் சிவப்பு வட்டம், நீல முக்கோணம், கறுப்புச் சதுரம் ஒட்டினார். அதே நிறத்தில், அதே வடிவத்தில் வெட்டிய அட்டைகளைப் பையன் கையில் கொடுத்து, அதனதன் இடத்தில் வைக்கச் செய்தார். பிறகு நிறத்தை மாற்றினார்; பிறகு வடிவத்தை. அதன்பின் எழுத்துகள். பிரெஞ்சு மொழியில் 'பால்' என்னும் சொல்லுக்கு நான்கு எழுத்துகள். ஒருநாள் வெளியே ஒரு வீட்டுக்குப் போகையில், யாரும் சொல்லாமலே, விக்டர் அந்த நான்கு எழுத்துகளையும் எடுத்துப் போய், அங்கே மேசைமேல் வரிசையாக அடுக்கினானாம்!

இதைவிட எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. சாக்குக் கட்டியைப் பிடித்தெழுத உலோகப் பிடி ஒன்று இட்டார்டின் அறையில் இருந்தது. விக்டர் அதைப் பயன்படுத்தியிருக்கிறான். சில நாள் கழித்துத் தன் அறையில் எழுத நினைத்தபோது, கையில் இருந்தவை பொடிச் சாக்குத் துண்டுகள், பிடியோ இல்லை. பையன் என்ன செய்தான் தெரியுமா? சமையல் சாமான்களைத் துழாவி, இறைச்சிக்குள் கொழுப்பைச் செருகும் பழைய ஊசி ஒன்றைக் கண்டெடுத்தான். அதில் சாக்கைச் செருகி, விழாமல் இருக்க நூலால் சில சுற்றுச் சுற்றிக் கட்டினான். எழுதினான்.

தேவை என்ன என்று கண்டு, கிடைத்த பொருளைத் தேர்ந்து, அதை மாற்றியமைத்து, வேலை செய்கிறதா என்று பார்ப்பது. நம் பள்ளிகளில் 2014 முதல் நான்காம் ஆண்டில் தொடங்கிய 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்னும் பாடத்தின் உயிர்நாடி இதுதானே! தேறமாட்டான் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளை, பாடநூல் ஏதுமின்றி அதைச் செய்து காட்டினான். உண்மையை மறைக்கக்கூடாது: விக்டர் கடைசிவரை பேசக் கற்கவில்லை. 1828-இல் இறந்தான். இட்டார்டுக்கும் அதில் மனக்குறைதான்.

ஆனால் பலகை நின்றுபோகவில்லை. முதுமையில் இட்டார்டு, செகான் என்னும் இளைஞருக்கு வழிகாட்டினார். 1837-இல் ஒரே ஒரு சிறுவனோடு செகான் வேலையைத் தொடங்கினார். முதலில் உடம்பு, அடுத்துக் கண்ணும் கையும், எழுத்து அதற்கும் பிறகு. இது அவர் முறை. மரப்பலகையில் பல வடிவப் பள்ளங்கள் வெட்டி, கட்டைகளைப் பொருத்தச் செய்தார். நம் பாலர் பள்ளியில் பிள்ளைகள் வைத்து விளையாடுகிறார்களே, அந்தப் பலகையின் பாட்டன் அது! பின்னர் அமெரிக்கா சென்று, 1866-இல் தம் முறையை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். (அதே 1866-இல் பின்லாந்து நாடு கிராமப்பள்ளி ஆண்பிள்ளைகளுக்குக் கைவேலையைக் கட்டாயப் பாடமாக்கியது. அது தனிக்கதை.)

இவ்விருவர் நூல்களையும் தம் கைப்படவே இத்தாலிய மொழியில் பெயர்த்தெழுதிப் படித்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். ரோமில் 1900-வாக்கில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கு அம்முறையில் கற்பித்தார். அவர்களில் சிலர், மற்றப் பிள்ளைகள் எழுதிய பொதுத்தேர்வையே எழுதித் தேறினர். ஊரே வியந்தது. அம்மையாருக்கோ வேறு கேள்வி: இவர்களே தேறும்போது, நல்ல உடல்நலமுள்ள பிள்ளைகளை நம் பள்ளிகள் ஏன் இவ்வளவு கீழே வைத்திருக்கின்றன? 1907-இல் ரோமின் ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லம் திறந்தார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். போர் மூண்டதால் பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது.

நம் நாட்டிலோ, பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கலஸ் இல்லம் 1926-இல் மலாக்காவில் தொடங்கிப் பின் பினாங்குக்கு மாறியது. காதுகேளாதோர் பள்ளி 1954-இல் பினாங்கில் எழுந்தது. இன்று சில தமிழ்ப்பள்ளிகளிலும் சிறப்புக் கல்வி வகுப்பு உண்டு. அங்கே கைவேலைப் பாடம் நடத்தப் பெரிய செலவு வேண்டியதில்லை. விரலில் வலுவில்லாத பிள்ளைக்குக் கத்தரிக்கோல் பிடியில் துணி சுற்றிக் கொடுக்கலாம். வழுக்கும் அடிமட்டத்தின் மேல் கனமான பொருள் ஏதும் வைக்கலாம். ஐந்து வேலையை ஒரே மூச்சில் சொல்லாமல், ஒவ்வொன்றையும் படமாக வரைந்து சுவரில் ஒட்டலாம். விக்டர் சுற்றிய நூலும் இதே வகைதானே. உளி பிடிக்கத் தெரிந்த அப்பாவுக்கு இதெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பட்டையில் எவ்வளவு ஆழம் போகலாம் என்பதை அவர் கைதானே கற்றது.

பரிசளிப்பு விழாவன்று மாணவர் கைவேலைகளை மேசைமேல் வைத்திருப்போம். உங்கள் பிள்ளை செய்த பொருளைக் கையில் எடுத்துப் பாருங்கள். எப்படிச் செய்தாய் என்று அவனையே கேளுங்கள். பதில் வரச் சற்று நேரமாகும்; பக்கத்தில் இருப்பவர் அவனுக்காகப் பதில் சொல்லிவிட வேண்டாம்.