நாடு கடத்தப்பட்ட கல்லறைகள்

கண்டியின் கடைசி மன்னர் கண்மூடியது வேலூரில். டெல்லியின் கடைசி பாதுஷா அடங்கியிருப்பது ரங்கூனில். பர்மாவின் கடைசி அரசருக்குச் சமாதி எழுந்ததோ அரபிக் கடலோரத்து இரத்தினகிரியில். மூவரையும் சொந்த மண்ணிலிருந்து பெயர்த்து, கடல் தாண்டிக் கொண்டுபோய் வைத்தவர்கள் ஆங்கிலேயர்.

தோற்ற அரசனை எங்கே சிறை வைப்பது என்று மட்டும் அவர்கள் யோசிக்கவில்லை. அவன் இறந்தால் உடலை என்ன செய்வது, கல்லறைக்கு யார் வருவார்கள், வந்தவர்கள் சும்மா திரும்பிப் போவார்களா என்பதையும் யோசித்தார்கள். ஆட்சி வேரூன்ற வேரூன்ற அந்த அச்சம் குறைந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. நூறு ஆண்டுகளில் அது கூடிக்கொண்டே போனது.

தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தப் பயம் இல்லை. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. கோட்டை வாயிலில் குவிந்து கிடந்த பிணங்களுக்கு நடுவே திப்பு சுல்தானின் உடலைத் தேடி எடுத்தார்கள். மறுநாள் மாலை ராணுவ மரியாதையோடு ஊர்வலம் புறப்பட்டது. முந்தைய நாள் வரை அவரைக் கொல்லத் துடித்த படையின் வீரர்களே சவ ஊர்வலத்தில் நடந்தார்கள். தந்தை ஹைதர் அலிக்காகத் திப்பு கட்டிய கும்பஸ் என்னும் கல்லறை மண்டபத்தில், தந்தையின் பக்கத்திலேயே அடக்கம் நடந்தது. அன்றிரவு இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்த்த மழையை அங்கிருந்த அதிகாரிகள் பலர் குறித்து வைத்திருக்கிறார்கள். எதிரி போய்விட்டான், இனி அவன் கல்லறையால் என்ன வந்துவிடும் என்ற நம்பிக்கை அப்போது கம்பெனிக்கு இருந்தது.

அது பயந்தது உயிரோடு இருந்த பிள்ளைகளுக்குத்தான். திப்புவின் மகன்களும் குடும்பத்தாரும் பரிவாரங்களோடு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஏழு ஆண்டுகளில் அந்தப் பயம் மெய்யானது. 1806 ஜூலை 10 அன்று விடிவதற்கு முன் கோட்டைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள்; மைசூர்க் கொடி ஏறியது. கிளர்ச்சி ஒரே நாளில் நசுக்கப்பட்டது. மகன்களைக் கப்பலேற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். குடும்பத்தில் மற்றவர்கள் பலர் வேலூரிலேயே வாழ்ந்து மறைந்தார்கள். கோட்டைக்கு வெளியே சற்றுத் தள்ளி அந்தக் குடும்பத்தின் கபர்ஸ்தான் இருக்கிறது. ஹைதரின் மனைவி பக்ஷி பேகம் 1806-லும், திப்புவின் மனைவி பாதுஷா பேகம் 1834-லும் அங்கே அடக்கமானார்கள். கோட்டையையும் ஜலகண்டேசுவரரையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பும் கூட்டத்தில் மிகச் சிலரே அந்தப் பக்கம் போகிறார்கள். மைசூர் வரலாற்றின் பாதி நம் மண்ணில் புதைந்து கிடக்கும்போது நாம் இவ்வளவு அசட்டையாக இருப்பது வருத்தத்துக்குரியது.

கோட்டைக்குள் இருக்கும் கட்டடங்களின் பெயர்களே ஒரு கதை சொல்லும். ஹைதர் மகால், திப்பு மகால், பேகம் மகால், பாதுஷா மகால் என்ற வரிசையில் கண்டி மகால் என்றும் ஒன்று உண்டு. மைசூர் இளவரசர்கள் போன பத்தாண்டுகளில் கோட்டைக்கு அடுத்த அரச கைதி வந்துவிட்டார்.

அவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பிறந்தபோது வைத்த பெயர் கண்ணுசாமி. கண்டி அரியணையில் 1739 முதல் நாயக்கர் வழியினர் இருந்தார்கள். சிங்கள அரச வழி ஆண் வாரிசின்றி நின்றபோது, மதுரைப் பக்கத்திலிருந்து பெண் எடுத்த உறவால் பட்டத்தரசியின் தம்பிக்கு முடி போனது. அடுத்தடுத்து வந்த நால்வரும் நாயக்கர்கள். அவர்களில் இரண்டாமவரான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் சயாம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்து, இலங்கையில் அறுந்துபோயிருந்த பௌத்த துறவற மரபை 1753-இல் மீட்டவர். தென்னாட்டு உறவினர்கள் குடியிருக்கக் கண்டி நகரில் தனித் தெருவே இருந்தது.

நான்காமவரான கண்ணுசாமி 1798-இல் பதினெட்டு வயதில் பட்டமேறினார். இன்று கண்டிக்குப் போகிறவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் ஏரியும், தலதா மாளிகையின் முகப்பில் நிற்கும் எண்கோண மண்டபமும் அவர் காலத்தவை. நகரை அழகுபடுத்தியவர் பிரதானிகளைப் பகைத்துக்கொண்டார். கட்டட வேலைக்கு மக்களை வாட்டினார். எதிர்த்தவர்களின் குடும்பங்களுக்கும் 1814-இல் கொடிய தண்டனை விதித்தார். கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயரோடு சேர்ந்துகொள்ள அதுவே வழி திறந்தது. 1815 பிப்ரவரி 18 அன்று மெதமகாநுவரப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்த மன்னர் பிடிபட்டார். பிடித்தவர்கள் அவரைக் காட்டுக்கொடியால் கட்டி இழுத்தார்கள், அரசிகளின் காதணிகளைப் பிய்த்தெடுத்தார்கள் என்று உடனிருந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். இரத்தக்கறை படிந்த அரசியின் சட்டை என்று கொழும்பு அருங்காட்சியகத்தில் ஒன்றைக் காட்டுகிறார்கள். மன்னரின் கொடுமைகளை முன்பே படித்தவர்களுக்கும் அந்தத் துணியின் முன் சட்டென்று பேச்சு வராது.

1816 ஜனவரி 24 அன்று கொழும்பில் ‘கார்ன்வாலிஸ்’ கப்பலில் மன்னரும் அரசிகளும் உறவினர்களும் ஏற்றப்பட்டார்கள். சென்னை வழியாக வேலூர். கோட்டையில் அவருக்குக் கைதியின் காவலும் இருந்தது, அரசருக்குரிய சில மரியாதைகளும் இருந்தன. இதற்கிடையில் கண்டியில் 1817-இல் ஊவாக் கலகம் வெடித்தது. அதில் அரசராக முன்னிறுத்தப்பட்டவர், தம்மை நாயக்கர் குல இளவரசர் துரைசாமி என்று சொல்லிக்கொண்ட ஒரு சிங்களவர். உண்மை மன்னர் வேலூரில் அடைபட்டிருக்க, அவர் குலத்தின் பெயரே மலைநாட்டில் படை திரட்டியது. ஆங்கிலேயர் கற்ற பாடங்களில் இது முக்கியமானது.

மன்னர் 1832 ஜனவரி 30 அன்று, உடம்பில் நீர் கட்டும் வீக்க நோயால் இறந்தார். வயது ஐம்பத்திரண்டு. மற்ற இருவரோடு ஒப்பிட்டால் இவருக்கு ஓர் ஆறுதல் இருந்தது. இழந்தது நாட்டை, இறந்தது தாய்மொழி கேட்கும் ஊரில். பாலாற்றங்கரையில் சமாதி எழுந்தது. அரசிகளும் உறவினர்களும் காலப்போக்கில் அங்கேயே சேர்ந்தார்கள். நெடுங்காலம் கேட்பாரற்றுக் கிடந்த அந்த இடத்தில் 1990-இல், கலைஞர் கருணாநிதி முதல்வராக இருந்தபோது, தமிழக அரசு முத்து மண்டபம் கட்டியது. மன்னரின் அரியணையோ இங்கிலாந்துக்குப் போய், வின்ட்சர் கோட்டையில் இருந்துவிட்டு, 1934-இல் இலங்கைக்குத் திரும்பியது. அவருடைய சிங்கக் கொடிதான் இன்றைய இலங்கைக் கொடிக்கு மூலம். பொருள்கள் வீடு திரும்பின, மன்னர் திரும்பவில்லை.

கல்லறையையே மறைப்பது என்ற முடிவு 1857 சிப்பாய்க் கிளர்ச்சிக்குப் பிறகு வந்தது.

டெல்லியின் கடைசி பாதுஷா பகதூர் ஷா ஜாஃபர் படைத்தலைவர் அல்லர். கவிஞர், சூஃபி நெறியில் ஈடுபட்டவர். அவர் ஆட்சி செங்கோட்டைச் சுவர்களைத் தாண்டியதில்லை. ஆனாலும் மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் எண்பத்தொரு வயதுக் கிழவரைத்தான் தலைவராக ஏற்றார்கள். டெல்லி வீழ்ந்ததும் ஹுமாயூன் கல்லறைத் தோட்டத்தில் சரணடைந்தார். மறுநாள் அவருடைய இரண்டு மகன்களையும் ஒரு பேரனையும் ஹாட்சன் என்ற அதிகாரி நடுவழியில் சுட்டுக் கொன்றான். பாதுஷாவுக்கு அவருடைய சொந்த திவானே காஸ் மண்டபத்திலேயே விசாரணை நடந்தது. குற்றச்சாட்டு ராஜத்துரோகம். 1835 வரை தன் நாணயங்களில் முகலாயப் பாதுஷாவின் பெயரைப் பொறித்த கம்பெனி, அந்தப் பாதுஷாவின் வாரிசையே துரோகி என்றது. சட்டப்படி பார்த்தால் யார் யாருக்குத் துரோகம் செய்தது என்ற கேள்விக்கு அந்த நீதிமன்றத்தில் இடமே இல்லை.

1858 டிசம்பரில் ரங்கூன் வந்து சேர்ந்தார். அவருக்கும் குடும்பத்துக்கும் காவல் அதிகாரி கேப்டன் நெல்சன் டேவிஸ். 1862 நவம்பர் தொடக்கத்தில் கிழவருக்குத் தொண்டையில் கஞ்சி இறங்கவில்லை. உயிர் ஊசலாடிக்கொண்டிருக்கும்போதே டேவிஸ் செங்கல்லும் சுண்ணாம்பும் வரவழைத்து வைத்துவிட்டார். 7-ஆம் தேதி வெள்ளிக்கிழமை அதிகாலை ஐந்து மணிக்கு உயிர் பிரிந்தது. அன்று மாலை நான்கு மணிக்குக் காவல் கூடத்தின் பின்புறம் செங்கல் கட்டிய குழியில் அடக்கம். மகன்கள் இருவரும் பணியாள் ஒருவரும் உடன் வந்தார்கள். குழியைத் தரைமட்டத்துக்கு மூடி மேலே புல் பத்தையைப் பதித்தார்கள். சுற்றிலும் நல்ல தூரத்துக்கு மூங்கில் வேலி போட்டார்கள். அந்த வேலி மக்குவதற்குள் புல் முழுவதும் பரவிவிடும், பிறகு பெரிய முகலாயர்களின் கடைசி ஆள் எங்கே கிடக்கிறார் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று டேவிஸ் மேலிடத்துக்கு எழுதினார். மறைப்பது வேலையின் ஒரு பகுதி. அதைச் செவ்வனே முடித்ததாக அறிக்கை.

திட்டம் பெரும்பாலும் பலித்தது. 1903-இல் இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு யாராலும் சரியான இடத்தைக் காட்ட முடியவில்லை. ஒரு பட்ட மரத்தடியைக் காட்டினார்கள். ரங்கூன் முஸ்லிம்கள் விடாமல் கேட்ட பிறகு, 1907-இல் அரசு ஒரு கல்லை நட்டது. ‘இந்த இடத்துக்கு அருகில்’ அடக்கம் என்பதற்கு மேல் அந்தக் கல்லாலும் சொல்ல முடியவில்லை.

இடம் தெரியாவிட்டாலும் மக்கள் வருவதை நிறுத்தவில்லை. 1943-இல் நேதாஜி அங்கே வந்தார். இந்திய தேசிய ராணுவம் அணிவகுத்து மரியாதை செய்தது. மலேயாவிலும் பர்மாவிலும் தோட்டத்திலும் கடையிலும் உழைத்த தமிழர்கள் ஏராளமாகச் சேர்ந்த படை அது. டெல்லி நோக்கிப் புறப்பட்டவர்கள் டெல்லியின் கடைசி அரசரிடம் விடைபெற்றுக்கொண்டு புறப்பட்டார்கள். டேவிஸ் எதை அஞ்சினாரோ, எண்பது ஆண்டு கழித்து அது அப்படியே நடந்தது.

1991 பிப்ரவரியில் அந்த வளாகத்தில் கால்வாய் வெட்டிய தொழிலாளர்களின் மண்வெட்டி செங்கல்லில் மோதியது. தரைக்குக் கீழே மூன்றடி ஆழத்தில், அதுவரை வணங்கிவந்த இடத்திலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி, உண்மையான கபர் இருந்தது. இப்போது அங்கே தர்கா இருக்கிறது. மேல் தளத்தில் பாதுஷா, பேகம் ஜீனத் மகால், பேத்தி ரவுனக் ஜமானி மூவர் பெயரிலும் பட்டு போர்த்திய கபர்கள். படியிறங்கினால் கீழே கண்டெடுத்த கபர். ரங்கூன் முஸ்லிம்களுக்கு அவர் அரசர் என்பதைவிடப் பீர். நேர்த்திக்கடன் வைத்து வேண்டிக்கொள்கிறார்கள். அப்துல் கலாம் 2006-இலும், நரேந்திர மோடி 2017-இலும் அங்கே மலர் தூவினார்கள். டெல்லி மெஹ்ரௌலியில், முன்னோர்களின் கபர்களுக்கு நடுவே தமக்கென்று அவர் ஒதுக்கிவைத்த இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. எலும்பை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற குரல் அவ்வப்போது எழும். நூற்றைம்பது ஆண்டுகளாக வெறும் புல்தரையைக்கூடக் கைவிடாமல் காத்துவந்த ரங்கூன் மக்களிடமிருந்து அவரைப் பெயர்ப்பது நியாயமாகப் படவில்லை.

பாதுஷா ரங்கூனில் மறைந்து இருபத்து மூன்று ஆண்டுகளில் பர்மிய அரசர் இந்தியாவுக்கு வந்தார். 1885 நவம்பர் இறுதியில் மண்டலை பணிந்தது. இருபத்தாறு வயது தீபா மன்னரையும் அரசி சுபயாலத்தையும் மாட்டு வண்டியில் ஏற்றி ஐராவதி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனார்கள். அரசரின் நிழலைக்கூட மிதிக்கத் தயங்கிய குடிமக்கள் தெருவோரம் நின்று அழுதார்கள். முதல் சில மாதங்கள் சென்னையில். மூன்றாவது இளவரசி பிறந்தது இங்கேதான். 1886 ஏப்ரலில் இரத்தினகிரிக்கு மாற்றினார்கள். அவருக்கென்று கடலைப் பார்த்தபடி அரண்மனை கட்டி முடிக்க 1910 ஆகிவிட்டது. அதற்குள் அரச குடும்பம் நகைகளை ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிடும் நிலைக்கு வந்திருந்தது.

தீபா 1916 டிசம்பரில் இறந்தார். உடலைப் பர்மாவுக்கு அனுப்புங்கள் என்று குடும்பம் கேட்டது. அரசு மறுத்தது. சவப்பெட்டி அரண்மனை வளாகத்திலேயே காத்திருந்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் இறந்த இளைய அரசியின் பெட்டியும் அப்படியே இருந்தது. 1919-இல் இரண்டையும் இரத்தினகிரியிலேயே சமாதி வைத்தார்கள். ஒரு பிணம் மண்டலைக்குப் போனால் பர்மா பற்றி எரியும் என்று, உலகப் போரில் வென்ற பேரரசு நம்பியது. மூத்த இளவரசி 1947-இல் அதே ஊரில் வறுமையில் இறந்தார். அவர் மகள் மராத்தி பேசி, அந்த ஊர்க்காரராகவே வாழ்ந்து மறைந்தார். 2012-இல் மியான்மர் அதிபர் தெய்ன் செய்ன் இரத்தினகிரிக்கு வந்து சமாதியில் வணங்கினார்.

சுபயாலத்துக்கு 1919-இல் தாய்நாடு திரும்ப அனுமதி கிடைத்தது, ரங்கூன் வரை மட்டும். 1925-இல் இறந்தபோது மண்டலையில் அடக்கம் செய்யக் கேட்டதையும் ஆங்கிலேயர் மறுத்தார்கள். ஷ்வேடகன் பகோடாவின் அடிவாரத்தில் அவருக்குச் சமாதி அமைந்தது.

அந்தச் சமாதித் தோட்டத்தில் இன்னொருவரும் இருக்கிறார்: ஐ.நா. பொதுச் செயலாளராகப் பத்தாண்டு இருந்த ஊ தாண்ட். 1974 நவம்பரில் நியூயார்க்கில் இறந்தார். உடல் ரங்கூன் வந்தது. ராணுவ ஆட்சியாளர் நே வின்னுக்கு அவரைப் பிடிக்காது. அரசு மரியாதை கிடையாது என்றார். டிசம்பர் 5 அன்று மாணவர்கள் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்கள். 1962-இல் ராணுவம் வெடிவைத்துத் தகர்த்த மாணவர் சங்கக் கட்டடம் இருந்த இடத்தில், தங்கள் கையாலேயே கல் சுமந்து அவருக்குச் சமாதி எழுப்பினார்கள். 11-ஆம் தேதி விடிவதற்கு முன் ராணுவம் உள்ளே புகுந்து உடலைக் கைப்பற்றியது. ஷ்வேடகன் அருகே புதைத்தது. நகரமெங்கும் கலவரம் மூண்டது, ராணுவச் சட்டம் வந்தது, பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. ஆங்கிலேயர் நாட்டை விட்டுப் போய் அப்போது இருபத்தாறு ஆண்டுகள் கடந்திருந்தன.