ரோமானிய நாணயமும் படையும்

பண்டைய ரோம் அரசின் செலவுகளில் மிகப் பெரியது படைச் செலவு. வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் தேவையே அங்கு நாணயம் அடிப்பதற்கான முதன்மைக் காரணமாக இருந்தது. காசின் எடை, உலோகத் தரம், அதில் பொறித்த உருவம் ஆகியன பெரும்பாலும் படையின் தேவையை ஒட்டியே மாறிவந்தன.

தோற்றம்

வேயி நகர முற்றுகையை ஒட்டி, கி.மு. 406இல் ரோமானிய வீரர்களுக்கு முதன்முதலாகச் சம்பளம் வழங்கப்பட்டது என்கிறார் வரலாற்றாசிரியர் லிவி. அப்போது ரோமுக்கென்று தனிக் காசு இல்லை. நிறுத்துக் கொடுத்த வெண்கலமே பணம். கார்த்தேஜுடன் நடந்த இரண்டாம் பியூனிக் போரின் (கி.மு. 218–201) செலவு, பின்னர் உருவான நாணய முறையையும் நிலைகுலைத்தது. அந்த நெருக்கடியில், கி.மு. 211 அளவில், தெனாரியஸ் என்னும் வெள்ளிக் காசு வெளிவந்தது. சுமார் 4.5 கிராம் எடையுள்ள இக்காசே நான்கு நூற்றாண்டுகளுக்கு மேல் ரோமின் முதன்மை வெள்ளி நாணயமாக இருந்தது.

உள்நாட்டுப் போர்கள்

கி.மு. முதல் நூற்றாண்டில் தளபதிகள் தங்கள் படைக்குத் தாங்களே காசு அடித்தனர். சீசரைக் கொன்ற புரூட்டஸ், இரு குறுவாள்களையும் விடுதலை பெற்ற அடிமையின் தொப்பியையும் பொறித்த காசைத் தன் வீரர்களுக்கு வழங்கினான். ஆக்டியம் போருக்கு முன் (கி.மு. 32–31) தளபதி மார்க் ஆண்டனி வெளியிட்ட தெனாரியஸ்களில் ஒரு பக்கம் போர்க்கப்பலும் மறுபக்கம் கழுகுச் சின்னமும் படைப்பிரிவின் எண்ணும் இருந்தன. வெள்ளி குறைந்த இக்காசுகளைப் பெரும்பாலோர் உருக்கவோ பதுக்கவோ முனையவில்லை. எனவே அவை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் புழங்கின.

பேரரசுக் காலம்

முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் லீஜியன் எனப்பட்ட பெரும்படைப் பிரிவின் சாதாரண வீரருக்கு ஆண்டுச் சம்பளம் 225 தெனாரியஸ். மூன்று தவணைகளில் வழங்கிய இத்தொகையில் உணவு, உடை, காலணிக்கான பிடித்தம் உண்டு. மிச்சத்தை முகாமிலேயே சேமிக்கலாம். கொடி தாங்குவோர் அதற்குக் கணக்கு வைத்தனர். ஓய்வுபெறும் வீரர்களுக்கான கொடைக்கென கி.பி. 6இல் அகஸ்டஸ் தனிக் கருவூலம் அமைத்தார். அதற்கு 17 கோடி செஸ்டர்ஸைத் தாமே கொடுத்ததுடன், வாரிசுச் சொத்தின் மீது 5 சதவீத வரியையும் ஏலவிற்பனை மீது 1 சதவீத வரியையும் ஒதுக்கினார். (4 செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ்.)

தரக் குறைப்பு

கி.பி. 64இல் பேரரசர் நீரோ தெனாரியஸின் எடையையும் தூய்மையையும் குறைத்தார். தமிழகத்தின் கொங்குப் பகுதியில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை அதற்கு முந்தைய அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தவை. பிந்தையவை மிகக் குறைவு. டொமிஷியன் சம்பளத்தை 300 தெனாரியஸாக உயர்த்தினார். செப்டிமியஸ் செவெரஸ் (193–211) அதை மேலும் கூட்டினார்; அவர் காலத்தில் காசின் வெள்ளி ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. அவருடைய மகன் கராகல்லா சம்பளத்தை மீண்டும் உயர்த்தி, 215இல் புதிய காசு ஒன்றை வெளியிட்டார். இரண்டு தெனாரியஸ் மதிப்புள்ளதாகக் கருதப்படும் அக்காசில் இருந்த வெள்ளியோ ஒன்றரை தெனாரியஸ் அளவே. கலியெனஸ் ஆட்சியின் முடிவில், 268 அளவில், அதன் வெள்ளி 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. காசு மதிப்பிழக்கவே, தானியமும் உடையும் சம்பளத்தின் பெரும்பகுதி ஆயின.

மறுசீரமைப்பு

டயோக்ளீஷியன் 294 அளவில் நாணயத்தைச் சீர்திருத்தினார். 301இல் விலை உச்சவரம்பு ஆணையும் பிறப்பித்தார். படைவீரரின் சம்பளத்தை விலைவாசி விழுங்குகிறது என்பது அவ்வாணை கூறிய காரணங்களுள் ஒன்று. ஆணை பலனளிக்கவில்லை. கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த சாலிடஸ் என்னும் பொற்காசே நிலைத்தது. ஒரு ரோமானிய ராத்தல் பொன்னுக்கு 72 வீதம் அடித்த அக்காசு, கிழக்குப் பேரரசில் 11ஆம் நூற்றாண்டு வரை ஏறத்தாழ மாறாத தரத்துடன் புழங்கியது.