கண்ணகியார் திருவுருவமும் நம் ஏலமலையும்

சென்னை செல்லும் நம்மவர், மெரினாக் கடற்கரையில் ஒற்றைச் சிலம்பேந்தி நிற்கும் கண்ணகியாரின் வெண்கலத் திருவுருவத்தைக் கண்டிருப்பர். 1968-ஆம் ஆண்டு இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நாட்டப்பெற்ற அது, 2001 டிசம்பரில் போக்குவரத்திற்கு இடையூறென அகற்றப்பட்டது. தமிழன்பர் பலர் கொதித்தெழுந்தனர். 2006 ஜூனில் மீண்டும் நிறுவப்பெற்றது.

நிற்க. மதுரையை எரியூட்டிய அவ்வம்மையார் வையைக் கரைவழியே மேற்றிசை நடந்து, 14 நாள் கழிந்தபின் மலைமீது வேங்கை நிழலினின்று விண்ணேறினாரெனச் சிலப்பதிகாரம் கூறும். அம்மலை யாது? போடிக்குத் தெற்கே, கூடலூருக்கு மேல், நம் ஏலமலை முகட்டிலுள்ள மங்கலதேவிக் கோட்டமே அதுவென்பர் ஆராய்ச்சியாளர் பலர். நாமும் அங்ஙனமே கொள்கின்றோம். கடற்கரைச் சிலைக்குக் கண்கலங்கிய நம்மவருள், சிதைந்து கிடக்கும் அக்கற்கோயிலைக் கண்டோர் சிலரே. பொதுமக்களுக்கு ஆண்டில் சித்திரா பௌர்ணமி ஒருநாளே அங்கு அனுமதி. பளியன்குடியிலிருந்து காட்டுவழியே ஏறிச் செல்லலாம்.