பெருங்கட்டூர் இராஜகோபால்

இராஜகோபால், பெருங்கட்டூர் (பிறப்பு 1953): கட்டைக்கூத்துப் பாடகர், நடிகர், நாடகாசிரியர், காஞ்சிபுரத்துக் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தோற்றுவித்தவர்.

கலை: ஐரோப்பிய ஆப்பெராவைப் போலப் பாட்டே கதையை நடத்திச் செல்லும் கட்டைக்கூத்து, ராஜகுளம், உத்திரமேரூர் முதலிய ஊர்களை உள்ளடக்கிய காஞ்சி வட்டாரத்திலும் அதன் அண்டைப் பிரதேசங்களிலும் திரௌபதியம்மன் கோயில் பாரத உற்சவங்களை ஒட்டி இரவெல்லாம் நிகழ்வது. ஆர்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் முழங்க, இருவர் பிடித்த திரைக்குப் பின்னே நின்று தன் வருகையைப் பாடி அறிவிக்கும் வேஷதாரி, திரை விலகியதும் கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் ஒளிரச் சுழன்றாடிக்கொண்டே, சுருதி தளராமல் உச்சஸ்தாயியில் பாடவேண்டும். விடியும்வரை இவ்வாறு பாடுவதற்குச் சாரீர வளத்தோடு தேக பலமும் இன்றியமையாதது.

வாழ்க்கை: கூத்துக் கலைஞரும் ஜமா (கூத்துக் குழு) நடத்தியவருமான தந்தை பொன்னுசாமியிடம் பத்து வயதளவில் பயிலத் தொடங்கிய இராஜகோபாலுக்கு அதன்பொருட்டுப் பள்ளிப் படிப்பை இடையிலேயே விட நேர்ந்தது. பின்னாளில் ஜமாவுக்குத் தாமே தலைமை ஏற்று, பாரதக் கதாபாத்திரங்களை ஆடிப் பாடிப் புகழ்பெற்றதோடு, புதிய நாடகங்களும் இயற்றினார்.

சங்கமும் குருகுலமும்: தனித்தனி ஜமாக்களாகப் பிரிந்து, ஒன்றோடொன்று போட்டியிட்டு வாழ்ந்த கலைஞர்களை ஒருங்கு சேர்த்து, சக கலைஞர்களுடன் அவர் 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தார். இக்கலையை ஆராய்ந்த டச்சு அறிஞரும் இராஜகோபாலின் துணைவியாருமான ஹன்னே டி புருயின் இம்முயற்சியில் உடனிருந்து உழைத்தார். கூத்துக்காகக் கல்வியைத் துறக்கும் அவலம் அடுத்த தலைமுறைக்கு நேரலாகாது என்னும் உறுதியோடு, 2002-இல் புஞ்சரசந்தாங்கலில் நிறுவப்பெற்ற குருகுலம், பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒருங்கே கற்பித்ததுடன், ஆடவர்க்கே உரியதாயிருந்த அரங்கைப் பெண் குழந்தைகளுக்கும் திறந்துவிட்டது. கர்நாடக இசைக் கலைஞர்களான டி. எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகியோருடன் இணைந்து, சபை இசையையும் கிராமக் கூத்தையும் ஒரே மேடையில் சமமாக நிறுத்திய நிகழ்ச்சியும் இச்சங்கத்தின் சாதனைகளுள் ஒன்று.

மதிப்பீடு: 2020-இல் குருகுலம் நிறைவுற்றபோதிலும், அங்கே பயின்ற பெண்கள் தொழில்முறைக் கலைஞர்களாக அரங்கேறிவிட்டனர். தாம் இழந்த கல்வியைத் தம் மாணாக்கர்க்கு உறுதிசெய்ததும், பெண் குரலுக்குக் கூத்தரங்கில் இடம் பெற்றுத் தந்ததுமே இராஜகோபாலின் தலைசிறந்த தொண்டுகளாகும்.