வாய்ச்சொல்லும் கைச்சாத்தும்

"என்மேல் நம்பிக்கை இல்லையா?" வேலைக்கு விலை பேசும் வேளையிலே இந்த ஒரு வினா எத்தனை வாய்களை அடைத்துவிடுகிறது! தச்சர் கதவும் சன்னலும் செய்து தர இசைகிறார். அச்சகத்தார் அழைப்பிதழ் அச்சிட்டுத் தர இசைகிறார். என்ன வேலை, என்ன கூலி, முன்பணம் எவ்வளவு, என்றைக்குள் முடிப்பது என்பவற்றை ஒரு தாளிலே எழுதி இருவரும் கையொப்பமிடுவோம் என்று சொல்ல மட்டும் நா எழுவதில்லை. கேட்பவன் பண்பற்றவனாம், கேட்டால் உறவு முறிந்துவிடுமாம்! வேலை முடிந்த பின்னரோ, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்ற ஒரு சொல்லிலே உழைத்தவன் கூலி காற்றோடு போகிறது. முன்பணம் கொடுத்துவிட்டு வேலை நடக்காமல் ஏமாறுவோரும் உண்டு.

எழுதிக் கேட்பது இழிவு என்று நமக்கு யார் கற்பித்தது? வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

பாபிலோனை ஆண்ட அம்முராபியின் சட்டம் ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன்பு கல்லிலே பொறிக்கப்பட்டது. 1901-1902இல் ஈரானிலுள்ள சூசாவிலே அகழ்ந்தெடுக்கப்பட்ட அந்தக் கல் இன்று பாரிசு நகரின் லூவர் காட்சியகத்தில் நிற்கிறது. பெருவணிகனிடம் சரக்குப் பெற்று ஊர் ஊராக விற்றுவரும் சிறுவணிகனைப் பற்றி அதிலே தெளிவான விதிகள் உண்டு. சரக்கின் மதிப்பை எழுதி வைக்க வேண்டும். பணத்தைத் திருப்பிச் செலுத்தும்போது சிறுவணிகன் முத்திரையிட்ட சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். சீட்டு வாங்காத பணம் கணக்கிலே சேராது.

இன்னொன்றையும் கேளுங்கள். வாங்கியதைச் சிறுவணிகன் இல்லையென மறுத்து, அது மெய்ப்பிக்கப்பட்டால், அவன் மூன்று மடங்கு கட்ட வேண்டும். பெருவணிகன் மறுத்து மெய்ப்பிக்கப்பட்டாலோ ஆறு மடங்கு! அம்முராபியின் சட்டம் சமத்துவச் சட்டம் அன்று. ஆண்டானுக்கு ஒரு நீதி, அடிமைக்கு ஒரு நீதி வகுத்த சட்டம்தான். ஆயினும், வலியவன் பொய் எளியவன் பொய்யைவிடக் கொடியது என்பதை இந்த ஓர் இடத்திலேனும் அது கண்டுகொண்டது.

நம் தமிழகம் எழுத்தை அறியாததா? 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தையே பாருங்கள். முதியவர் வடிவிலே வந்த இறைவன், சுந்தரரைத் தமக்கு அடிமை என்று வழக்காடுகிறார். படியோலையைச் சுந்தரர் கிழித்தெறிந்ததும், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர் அவைக்கு வருகிறது. அவையினர் முதியவரின் நரையைக் கண்டு நம்பிவிடவில்லை. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறினர். கதை கதையாகவே இருக்கட்டும். கதைக்குள்ளே தெரியும் நடைமுறை என்ன? மூலமும் படியும் வைப்பது, எழுத்தை ஒப்பிடுவது, சான்று கேட்பது. ஆண்டவனே வழக்காட வந்தாலும் ஓலையைக் காட்டு என்று கேட்ட நாட்டிலே, அண்டை வீட்டாரிடம் ஒரு தாள் கேட்க நாம் நாணுகிறோம்!

அதே கதை ஓர் எச்சரிக்கையும் தருகிறது. பாட்டன் எழுதிய ஓலை, அதற்கு இசைவு தராத பேரனைக் கட்டியது. எழுத்து இருந்தால் மட்டும் போதாது. கட்டுப்படுகிறவன் அறிந்து இசைந்திருக்க வேண்டும்.

ஆங்கில நாட்டார் முற்காலத்தில் ஒரே தோலில் ஒப்பந்தத்தை இருமுறை எழுதி, இடையிலே பல்பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொண்டனர். பல்லோடு பல் பொருந்தினால் உண்மை; பொருந்தாவிடில் பொய். இருவர் கையிலும் சான்று இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட எளிய வழி எது?

அந்த நாட்டார் இங்கே ஆண்டபோது செய்தது என்ன? கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களின் தொழில் முதலாளிகளுக்கும் வணிகர்களுக்கும் இழப்பு நேர்கிறது என்று கூறி, 1859ஆம் ஆண்டின் 13ஆவது சட்டத்தைக் கொண்டுவந்தனர். முன்பணம் வாங்கிய கைவினைஞரோ கூலியாளோ வேலையை முடிக்காவிட்டால், நடுவர் ஆணையிடுவார்; ஆணைக்குப் பணியாவிடில் மூன்று மாதம் வரை கடுங்காவல்! ஒப்பந்தம் எழுத்திலே இருக்க வேண்டும் என்ற தேவையும் இல்லை. வாய்மொழியே போதும் என்றது சட்டம். கூலியை மறுத்த முதலாளிக்கு அதிலே சிறை உண்டா? இல்லை! கடன் தீராத உழைப்பாளிக்குச் சிறைக்கதவு. காசு தராத கனவானுக்கு வெறும் உரிமை வழக்கு. 1925இல் இயற்றிய சட்டத்தின் வழியாகவே இந்தக் கொடுமை நீக்கப்பட்டது. பாபிலோன் வலியவனுக்கு இருமடங்குத் தண்டம் விதித்தது. பிரிட்டன் எளியவனை மட்டும் சிறைக்கு அனுப்பியது.

இன்றைய நிலை என்ன? 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி வாய்மொழி உடன்பாடும் பொதுவாகச் செல்லும். ஆனால் அதை மெய்ப்பிப்பது யார் தலையில் விழுகிறது? பணம் கேட்டு அலைபவன் தலையில்! 2006இல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் ஓரளவு கைகொடுக்கிறது. பதிவு பெற்ற குறு, சிறு தொழிலாரிடம் பொருளோ பணியோ பெற்றவர், எழுத்திலே ஒப்பிய நாளுக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தவணையும் 45 நாளைத் தாண்டக்கூடாது. எழுத்து இல்லையேல் 15 நாளைக்குள் தர வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி வீதத்தைப்போல் மும்மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டி. சட்டம் ஏட்டிலே இருக்கிறது. ஆனால் வேலை ஒப்படைத்த நாளைக் காட்ட ஒரு சீட்டும் இல்லாதவன் அதை எப்படிப் பயன்படுத்துவான்?

எனவே இளைஞர்களே, உங்கள் ஊர்ப் படிப்பகத்திலே செய்தித்தாள் படிப்பதோடு நில்லாதீர்கள். தையற்காரருக்கும் தச்சருக்கும் மின்பணியாளருக்கும் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள். தெளிந்த தமிழிலே எழுதுங்கள். வேலை இன்னது, கூலி இவ்வளவு, முன்பணம் இவ்வளவு, முடிக்கும் நாள் இது, இடையிலே வேலை கூடினால் கூலி எவ்வளவு கூடும், வேலை நின்றுபோனால் முன்பணம் என்னாகும் என்பவை அதிலே இருக்கட்டும். எழுதியதை இருவருக்கும் படித்துக் காட்டுங்கள். இருவரும் கைச்சாத்திட்ட பின் ஆளுக்கொரு படி கொடுங்கள்.

நம்பிக்கை வேண்டாம் என்று நாம் கூறவில்லை. உண்மையாக நடக்க எண்ணுகிறவர் எழுதித் தர ஏன் அஞ்ச வேண்டும்? "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று அவர் கேட்டால், "இருக்கிறது, அதைத்தான் எழுதிக்கொள்வோம்" என்று புன்னகையோடு சொல்லுங்கள்.