உருளும் வீடும் லயத்து வீடும்

மோட்டார்ஹோம் என்ற வண்டிக்குத் தமிழில் இன்னும் ஒரு பெயர் நிலைக்கவில்லை. கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே வைத்த பெரிய வேன். நானும் மனைவியும் அப்படி ஒன்றை வாடகைக்கு எடுத்து, டெங்கிலிலிருந்து ஈப்போ, சுங்கை சிப்புட், கிரிக் வழியாகக் கிழக்குக் கரைக்குப் போனோம். கோத்தா பாருவிலிருந்து கடலோரமாகவே குவாந்தான் வந்து வீடு திரும்பினோம். மொத்தம் ஒன்பது இரவுகள். வழியில் கண்ட கடலையும் மலையையும் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறு ஒரு கேள்வி. இந்த நாட்டுச் சாலைகளில் நம்மவர்கள் எப்போதெல்லாம் பயணம் போனார்கள், யார் சொல்லிப் போனார்கள்?

உல்லாசத்துக்காக வீட்டையே வண்டியில் கொண்டுபோகும் பழக்கத்தின் தொடக்கமாகப் பலரும் 1885ஆம் ஆண்டைச் சொல்வார்கள். கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் இரண்டு குதிரைகள் இழுக்கும் ஒரு வண்டி வீட்டைக் கட்டச் சொல்லி, பணியாட்களோடு ஊர் சுற்றினார். அதே பத்தாண்டில்தான் மலாயாவில் சாலை போடவும் தண்டவாளம் போடவும் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கப்பலேறி வந்துகொண்டிருந்தார்கள். கோலாலம்பூருக்கும் கிள்ளான் பக்கத்துக்கும் இடையிலான ரயில் பாதை 1886இல் திறக்கப்பட்டது. பாதை போட்டவர்களும் நெடுந்தூரம் பயணம் செய்து வந்தவர்கள்தான். ஆனால் எங்கே இறங்குவது, எங்கே தங்குவது என்பதை முடிவு செய்தவர்கள் வேறு ஆட்கள்.

முதல் நாள் இரவு வண்டிக்குள் படுக்கையை விரித்தபோது மனைவி சிரித்துக்கொண்டே சொன்னார்: "என்னங்க, இதுக்கு எங்க லயத்து வீடே பரவாயில்ல. அங்க முன்னால ஒரு அஞ்சடியாவது இருந்துச்சு." அவர் பிறந்து வளர்ந்தது டெங்கில் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். பத்துக்குப் பன்னிரண்டடி அறை, பின்னால் குசினி, ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் குடும்பங்கள். அந்த வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. பெரட்டில் பேர் இருக்கும்வரை வீடு, பேர் அடிபட்டால் வீடும் இல்லை. சக்கரம் இல்லாவிட்டாலும் அதுவும் ஒரு உருளும் வீடுதான் என்று எனக்குத் தோன்றியது. ஓட்டுநர் இருக்கையில் மட்டும் நாம் உட்கார்ந்ததே இல்லை.

சாலையில் போகும் உரிமை எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்பதற்குக் கிள்ளானே சாட்சி. 1941இன் தொடக்க மாதங்களில் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் இருந்தார். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும், பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்ற கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ கிராணியோ எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்கி நிற்கச் சொல்லும் வழக்கம் ஒழிய வேண்டும். சொந்தக் காசில் வாங்கிய சைக்கிளில் உட்கார்ந்தபடியே தோட்டத்துச் சாலையில் போவதற்கு அன்று போராட வேண்டியிருந்தது! மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

அடுத்த இரண்டே ஆண்டுகளில் தோட்டத்து மக்கள் மலாயா வரலாற்றிலேயே மிகக் கொடிய நெடும்பயணத்துக்கு ஏற்றப்பட்டார்கள். சயாம் மரண ரயில். ஜப்பானியர்கள் சம்பளம் உண்டு, அரிசி உண்டு, சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள். ஆசை காட்டி முடியாதபோது தோட்டத்திலிருந்தே பிடித்துப் போனார்கள். மூடிய சரக்குப் பெட்டிகளில் அடைத்துத் தாய்லாந்தின் பான் போங் வரை கொண்டுபோய் இறக்கினார்கள். அங்கிருந்து பலர் காட்டுக்குள் நடந்தே போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, போனவர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மடிந்திருந்தார்கள். பல தமிழ்க் குடும்பங்களில் 'வடக்கே போனவர்' என்ற பேச்சு வந்தால் கிழவிகள் வாயை மூடிக்கொள்வார்கள். ஊர் சுற்றுவது என்ற எண்ணமே நம் முந்தைய தலைமுறைக்கு ஏன் ஒட்டவில்லை என்று யோசிக்கும்போது, இந்தப் பயணத்தைத் தாண்டிப் போக முடியாது.

சுங்கை சிப்புட்டில் வண்டியை நிறுத்தித் தேநீர் குடித்தோம். துன் வீ. தி. சம்பந்தன் 1919இல் பிறந்த ஊர் அது. 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைச் சிறு சிறு துண்டுகளாக விற்றுவிட்டுப் போனார்கள். துண்டாடல் என்ற சொல் அப்போதுதான் நம் வீடுகளுக்குள் வந்தது. தோட்டம் துண்டானால் வேலை போகும், வேலை போனால் லயம் போகும், குடும்பம் சாலைக்கு வரும். சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். தோட்டம் தோட்டமாக அவரே போய் ஆள் சேர்த்தார். 1961இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அந்த ஆண்டுகளில் அவர் வகித்த பதவி பொதுப்பணி, தபால், தந்தி அமைச்சர். சாலைக்குப் பொறுப்பான மனிதர், தன் மக்கள் சாலையில் நிற்கக் கூடாது என்பதற்காக அதே சாலைகளில் அலைந்திருக்கிறார். மலேசியத் தமிழர்களின் சாலைப் பயணம் என்று எவராவது பட்டியல் போட்டால், முதல் பக்கத்தில் நான் அதைத்தான் வைப்பேன்.

கிரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை 1982இல் திறந்தது. கம்யூனிஸ்டுகளின் தாக்குதலுக்கு நடுவே, ராணுவக் காவலோடு போட்ட சாலை. தொடக்கத்தில் பகலில் மட்டுமே போக அனுமதி. இப்போது யானைக்கு மட்டும் பயந்தால் போதும். "இருட்டுறதுக்குள்ள எறங்கிடுங்க" என்று மனைவி ரெண்டு தடவை சொன்னார். தெமெங்கோர் ஏரி கடந்து மலை ஏறும்போது, இந்தப் பயணத்தில் ரப்பரோ செம்பனையோ கண்ணில் படாத நெடுந்தூரம் இதுதான் என்று உறைத்தது. மற்ற இடங்களில் எல்லாம் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் ஏதாவதொரு தோட்டத்துப் பேரையும், அங்கே இருந்த சொந்தக்காரர்களையும் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்தப் பேர்களில் டெங்கில்காரர்கள் மறக்க முடியாதது ஒன்று உண்டு. முதல் உலகப் போர் முடிந்து வந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921இல் காட்டை அழித்துத் தொடங்கிய தோட்டம் அது. போரின் நினைவாகவே பேர் வைத்தார்கள்: பிராங் பெசார், பெரும் போர். 1990களில் அந்த மண்ணில் புத்ராஜெயா எழுந்தது. பிராங் பெசாரோடு கேலவே, செட்ஜ்லி, மெடிங்லி தோட்டங்களும் போயின. சுமார் 400 குடும்பங்கள் டெங்கில் தாமான் பெர்மாத்தாவின் அடுக்குமாடிகளுக்கு வந்தன. சுவரில் விரிசல், தரைவீடு கேட்டு மனு, மறுபடி மனு என்று அவர்களுடைய ஆண்டுகள் கழிந்தன. சில கிலோமீட்டர் தூரம்தான் அவர்கள் நகர்ந்தது. ஆனால் கோயில், பள்ளிக்கூடம், பந்துத் திடல், செத்தவர்களைப் புதைத்த இடம் எதையும் லோரியில் ஏற்றிக்கொண்டு வர முடியாது.

பிராங் பெசாருக்கு இன்னொரு புகழும் உண்டு. உலகம் முழுக்கப் பரவிய சில ரப்பர் ரகங்கள் அங்கே உருவானவை. பி.பி. 86, பி.பி. 260 என்ற பேர்களில் இருக்கும் அந்த இரண்டு எழுத்தும் தோட்டத்தின் முதலெழுத்துகள். கேரளத்து ரப்பர் விவசாயிகூட அந்தப் பேரைச் சொல்வார். எந்த மரக்கன்று எங்கே பிறந்தது, எங்கே போனது என்பதற்குப் பதிவு இருக்கிறது. அந்த மரத்தைச் சீவிய குடும்பம் எந்த ஆண்டு, எந்த லயத்திலிருந்து, யாருடைய லோரியில், எங்கே போனது என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இல்லை. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் சில பேர் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எழுபதையும் எண்பதையும் தாண்டியவர்கள். அடுத்த விடுமுறைக்குக் காடி எடுக்கும்போது அவர்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள். வழியில் ஒவ்வொரு தோட்டத்துப் பேரையும் அவர்களே சொல்வார்கள். ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.